புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸ், பழைய டிஸ்க்கில் கோப்புகள்: எதை எப்போது கழற்றுவது?

நவம்பர் 8, காலை (கேள்வி)

பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 10 ஓடுது. இப்போ 1 டிபி என்விஎம்இ (மதர்போர்டில் நேரா செருகுற வேகமான வகை) எஸ்எஸ்டி வாங்கியாச்சு. அதுல விண்டோஸ் 11 புதுசா போட்டுட்டு, பழைய டிஸ்க்கைப் படம், வீடியோ, ஆவணம் வைக்கிற இடமா வச்சுக்கணும். ரெண்டையும் மாட்டி வச்சு, இன்ஸ்டால் பண்ணும்போது புது டிரைவைத் தேர்ந்தெடுத்தா போதும், மத்ததை இன்ஸ்டாலரே பார்த்துக்கும்னு பலரும் சொல்றாங்க. அப்படித்தானா? பழைய விண்டோஸை எப்போ அழிக்கலாம்?

நவம்பர் 8, மாலை

போதாது, சகோ. இன்ஸ்டால் நடக்கும்போது பழைய டிஸ்க் கணினியோடு இணைந்திருக்கவே கூடாது. விண்டோஸ் இருக்கும் இடம் வேறு, கணினி பூட் ஆகத் தொடங்கும் இடம் வேறு. யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதில் வந்த தொடக்க மென்பொருள்) கணினிகளில் பூட் கோப்புகள் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்ற சின்ன எஃப்ஏடி32 பகுதியில் இருக்கும். இன்ஸ்டாலர் எந்த டிஸ்க்கிலாவது அப்படி ஒன்றைக் கண்டால், புதிதாக உருவாக்காமல் அதையே பயன்படுத்திக்கொள்வது வழக்கம். நீங்கள் தேர்ந்தெடுத்தது புதிய டிரைவைத்தான். சி டிரைவும் அங்கேதான் வரும். விண்டோஸை எழுப்பும் பூட் மேனேஜர் மட்டும் பழைய டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிடும். புது வீட்டுக்குக் குடிபோய்விட்டு சாவியைப் பழைய வீட்டு ஆணியில் மாட்டி வைத்ததுபோல.

இதில் கெட்டது என்னவென்றால், எந்தப் பிழைச் செய்தியும் வராது. மாதக்கணக்கில் எல்லாம் நன்றாகவே ஓடும். பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்த அன்றோ அது செத்த அன்றோ, புத்தம் புதிய எஸ்எஸ்டி இருந்தும் கணினி எழாது.

ஆகவே வரிசை இது: பழைய விண்டோஸில் செய்ய வேண்டியதை முடித்து, முழுதாக நிறுத்தி, பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி, புதியதை மட்டும் வைத்து இன்ஸ்டால் செய்து, அது தனியாக எழுகிறதா என்று பார்த்து, அதன்பிறகே பழையதை மாட்ட வேண்டும். அழிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

நவம்பர் 8, இரவு

கழற்றுவதற்கு முன் பழைய விண்டோஸில் செய்ய வேண்டியவை. இதை அவசரப்பட்டுத் தாண்டுகிறவர்கள்தான் பிறகு அதிகம் தவிக்கிறார்கள்.

பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் குறியாக்கம்) ஓடுகிறதா என்று பாருங்கள். அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் "மேனேஜ்-பிடிஇ -ஸ்டேட்டஸ்" (manage-bde -status) கொடுத்தால் ஒவ்வொரு டிரைவின் நிலையும் தெரியும். குறியாக்கம் இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி உங்கள் கையில் இருக்க வேண்டும். டிஸ்க்கைப் புதிய விண்டோஸில் மாட்டியதும் அதைத்தான் கேட்கும். சாவி இல்லையென்றால் உள்ளே இருப்பது யாருக்கும் கிடைக்காது.

குரோம், எட்ஜ் கடவுச்சொற்களை இப்போதே ஏற்றுமதி செய்யுங்கள், அல்லது சிங்க் ஆகியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பிறகு புரொஃபைல் ஃபோல்டரைக் காப்பி செய்தால் புக்மார்க் வரும், கடவுச்சொல் வராது. அவை டிபிஏபிஐ என்ற விண்டோஸ் ஏற்பாட்டின் வழியாகப் பழைய விண்டோஸ் கணக்கோடு பூட்டப்பட்டவை. ஃபயர்ஃபாக்ஸ் அப்படியில்லை, அதன் புரொஃபைல் ஃபோல்டரை முழுதாக எடுத்துப்போனால் கடவுச்சொற்களும் கூடவே வரும். தண்டர்பேர்டும் அப்படியே.

ஒன்டிரைவ் வைத்திருந்தால் கோப்புக்குப் பக்கத்தில் மேகக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கோப்பு டிஸ்க்கில் இல்லை, பெயர் மட்டுமே இருக்கிறது.

நவம்பர் 9, காலை

நிறுத்துவது பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் மேலே "முழுதாக நிறுத்தி" என்றதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் வரை, ஷட் டவுன் கொடுத்தாலும் அது பாதித் தூக்கம்தான். கெர்னலின் நிலை டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்தே தொடரும். அந்த நிலையில் உள்ள டிஸ்க்கை வேறொரு விண்டோஸில் மாட்டி எழுதிவிட்டு, திரும்பப் பழைய விண்டோஸை எழுப்பினால் கோப்பு அமைப்பு குழம்பும். ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ஷட் டவுனை அழுத்துங்கள், அல்லது "ஷட்டவுன் /எஸ் /டி 0" (shutdown /s /t 0) கொடுங்கள். நிரந்தரமாக நிறுத்த "பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்". ஹைபர்னேட் கோப்பும் போய்விடும், சில ஜிபி இடமும் திரும்பக் கிடைக்கும்.

நவம்பர் 9, மதியம் (கேள்வி)

விண்டோஸ் 10-க்கு வாங்கின லைசன்ஸ் போயிடுமா? புது டிரைவுக்குப் புது கீ வேணுமா?

நவம்பர் 9, மதியம்

வேண்டாம். டிஜிட்டல் லைசன்ஸ் மதர்போர்டைச் சார்ந்தது, டிரைவைச் சார்ந்தது அல்ல. இன்ஸ்டாலர் கீ கேட்டால் "என்னிடம் கீ இல்லை" என்பதைத் தேர்ந்தெடுத்து, முன்பு இருந்த அதே பதிப்பைப் போடுங்கள். ஹோம் இருந்த இடத்தில் ப்ரோ போட்டால் ஆக்டிவேட் ஆகாது. நிறுவனங்கள் விண்டோஸோடு சேர்த்து விற்கும் கணினிகள் பலவற்றில் கீ ஃபர்ம்வேரிலேயே பதிந்திருக்கும், அங்கே கேள்வியே வராது.

நவம்பர் 9, மாலை

இப்போது வன்பொருள். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டும். அதே வடிவத்தில் சாட்டா (ஹார்ட் டிஸ்க்குகளின் பழைய, மெதுவான இணைப்பு முறை) எஸ்எஸ்டியும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. மதர்போர்டு ஸ்லாட் எதை ஏற்கும் என்று கையேட்டில் பாருங்கள். 2280 என்றால் அகலம் 22 மிமீ, நீளம் 80 மிமீ; டிரைவின் முனையைத் தாங்கும் சிறு கம்பத்தை அந்த நீளத்துக்குரிய ஓட்டையில் மாற்றி வைக்க வேண்டியிருக்கலாம். டிரைவைச் சாய்வாகச் செருகி, பிறகு அமுக்கி, திருகு போடுங்கள். திருகை இறுக்கி முறுக்க வேண்டாம், டிரைவ் அசையாமல் இருந்தால் போதும். ஹீட்சிங்க் இருந்தால் அதன் வெப்பப் பட்டையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள்.

பழைய டிஸ்க் சாட்டா என்பதால் டேட்டா கேபிளை மட்டும் கழற்றினால் போதும், பவர் கேபிள் இருந்துவிட்டுப் போகட்டும். கழற்றுவதற்கு முன் மின் இணைப்பைத் துண்டித்து, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள்.

நவம்பர் 9, இரவு

பல மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் சில சாட்டா போர்ட்டுகளும் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்ளும். எம்.2-இல் டிரைவ் ஏறியதும் அந்தப் போர்ட்டுகள் அணைந்துவிடும். பெரும்பாலும் கடைசி எண் கொண்டவை, 5, 6 போல. "புது எஸ்எஸ்டி போட்டதும் பழைய டிஸ்க் காணாமல் போச்சு" என்ற புகார்களில் கணிசமானவை இதனால்தான். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது, வேறு போர்ட்டில் மாட்டினால் திரும்ப வந்துவிடும். எந்த ஸ்லாட் எந்தப் போர்ட்டை அணைக்கும் என்ற அட்டவணை மதர்போர்டு கையேட்டில் இருக்கும்.

நவம்பர் 10, காலை

இன்ஸ்டால். குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ், அதில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் வழியாக விண்டோஸ் 11. பென்டிரைவில் உள்ளதெல்லாம் அழியும். கூடவே வைஃபை அல்லது லேன் டிரைவரை அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். இன்ஸ்டால் முடிவில் இணையம் கேட்கும். புதிய போர்டுகளின் லேன் சிப்புக்கு விண்டோஸிடம் டிரைவர் இல்லாமல் போனால் அங்கேயே நின்றுவிடும்.

பயாஸில் சிஎஸ்எம் (பழைய முறையில் பூட் ஆகும் வசதி) அணைந்திருக்க வேண்டும், டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்) இயங்க வேண்டும், செக்யூர் பூட் (நம்பகமான பூட் கோப்புகளை மட்டும் அனுமதிக்கும் வசதி) வேண்டும். பூட் மெனுவில் பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், முன்னால் யூஇஎஃப்ஐ என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மற்றதைத் தேர்ந்தெடுத்தால் இன்ஸ்டாலர் பழைய முறையில் எழும். பின்னால் வரும் ஜிபிடி, எம்பிஆர் (புதிய, பழைய பார்ட்டிஷன் அட்டவணை முறைகள்) தகராறுகளுக்கு அதுவே ஊற்று.

இடம் கேட்கும் திரையில் புதிய டிரைவ் "ஒதுக்கப்படாத இடம்" என்று ஒரே வரியாகத் தெரியும். அந்த வரியைத் தேர்ந்தெடுத்து அடுத்து கொடுங்கள், நீங்களாகப் பார்ட்டிஷன் பிரிக்க வேண்டாம். 1 டிபி டிரைவ் 931 ஜிபி என்று தெரிவது சரிதான். தயாரிப்பாளர் ஆயிரத்தின் அடுக்கில் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024-இன் அடுக்கில்.

முதல் ரீஸ்டார்ட் ஆனதும் இன்ஸ்டாலர் திரும்ப முதல் பக்கத்துக்கே வந்தால், பென்டிரைவிலிருந்து மறுபடி பூட் ஆகிறது என்று பொருள். அதைப் பிடுங்கிவிட்டுத் தொடருங்கள்.

நவம்பர் 10, மாலை (இன்னொருவரின் கேள்வி)

எனக்கு டிரைவே தெரியவில்லை, பட்டியல் காலி. மடிக்கணினி, இன்டெல் 12-ஆம் தலைமுறை. டிரைவ் பழுதா?

நவம்பர் 10, மாலை

பழுது இல்லை என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து பல கணினிகளில் விஎம்டி என்ற ஏற்பாடு டிரைவுக்கும் இன்ஸ்டாலருக்கும் நடுவில் நிற்கும். அதற்கான டிரைவர் இன்ஸ்டாலரில் இல்லையென்றால் பட்டியல் காலியாக வரும். இரண்டு வழி. ஒன்று, உங்கள் கணினி தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்து விஎம்டிக்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை எடுத்து, பிரித்து, பென்டிரைவில் போட்டு, "டிரைவரை ஏற்று" பொத்தானால் காட்டுவது. பிரிக்காத இஎக்ஸ்இ கோப்பை இன்ஸ்டாலர் ஏற்காது. ஐஎன்எஃப் கோப்பு உள்ள ஃபோல்டர்தான் வேண்டும். இன்னொன்று, பயாஸில் விஎம்டியை அணைப்பது.

இரண்டாவதில் ஒரு எச்சரிக்கை. பழைய டிரைவில் உள்ள விண்டோஸ் விஎம்டி இயங்கும்போது போடப்பட்டதாக இருந்தால், அணைத்தபிறகு அது நீலத் திரையோடு நின்றுவிடலாம். பழைய விண்டோஸையும் கொஞ்ச நாள் எழுப்பிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் முதல் வழியில் போங்கள்.

நவம்பர் 10, இரவு

மடிக்கணினி என்பதால் இதையும் சேர்க்கிறேன். ஒரே ஸ்லாட்தான் என்றால் கழற்றுவது பற்றிய கேள்வியே இல்லை, பழையது தானாகவே வெளியே வந்துவிடுகிறது. அதை யூஎஸ்பி உறையில் போட்டுப் பயன்படுத்தலாம். சாட்டா எம்.2-வுக்கான உறை என்விஎம்இயைப் படிக்காது, இரண்டையும் ஏற்கும் உறைகளும் உண்டு. 2.5 அங்குல டிஸ்க் யூஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும், 3.5 அங்குலத்துக்குத் தனி 12 வோல்ட் அடாப்டர் வேண்டும்.

உறையில் போட்டதும் "டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்ய வேண்டும்" என்று பெட்டி வந்தால் ரத்து செய்யுங்கள். சில உறைகள் டிஸ்க்கின் செக்டர் அளவை 512-க்குப் பதிலாக 4096 என்று காட்டும். அப்போது இருக்கும் பார்ட்டிஷன் அட்டவணை விண்டோஸுக்குப் புரியாமல், வெற்று டிஸ்க் என்று நினைத்துக் கேட்கிறது. சரி என்று அழுத்தினால் அட்டவணை மாற்றி எழுதப்படும். வேறு உறையிலோ நேரடி சாட்டா கேபிளிலோ மாட்டினால் கோப்புகள் அப்படியே இருக்கும்.

நவம்பர் 11, காலை (இன்னொருவரின் கேள்வி)

இந்த இழையைப் பார்ப்பதற்கு முன்பே இரண்டு டிரைவும் மாட்டியபடி இன்ஸ்டால் செய்துவிட்டேன். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

நவம்பர் 11, காலை

வேண்டாம், நண்பரே. முதலில் சோதனை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, சி டிரைவ் இருக்கும் அதே டிஸ்க்கின் வரிசையில் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன், சுமார் 100 எம்பி, இருக்கிறதா என்று பாருங்கள். பழைய டிஸ்க்கின் வரிசையில் மட்டும் இருந்தால் பூட் கோப்புகள் அங்கேதான்.

சரிசெய்ய இன்ஸ்டால் மறுபடி தேவையில்லை, பூட் கோப்புகளைப் புதிய டிரைவில் எழுதினால் போதும். பிட்லாக்கர் இயங்கினால் முதலில் இடைநிறுத்துங்கள், மீட்புச் சாவியை எடுத்து வையுங்கள். பிறகு அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் "டிஸ்க்பார்ட்". அதற்குள் இந்த வரிசை:

"லிஸ்ட் டிஸ்க்". அளவைப் பார்த்துப் புதிய டிரைவின் எண்ணைக் கண்டுபிடியுங்கள்.
"செலக்ட் டிஸ்க் 1". 1 என்பது எடுத்துக்காட்டு. உங்கள் எண்ணைப் போடுங்கள்.
"லிஸ்ட் பார்ட்டிஷன்", பிறகு சி டிரைவுக்குரிய பெரிய பார்ட்டிஷனை "செலக்ட் பார்ட்டிஷன்" எண்ணோடு.
"ஷ்ரிங்க் டிசையர்டு=300 மினிமம்=300".
"கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ சைஸ்=260".
"ஃபார்மட் குயிக் எஃப்எஸ்=எஃப்ஏடி32".
"அசைன் லெட்டர்=எஸ்".
"எக்ஸிட்".

வெளியே வந்து, "பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ" (bcdboot C:\Windows /s S: /f UEFI). பூட் கோப்புகள் உருவானதாகச் செய்தி வர வேண்டும்.

260 எம்பி ஏன் என்றால், 4096 பைட் செக்டர் கொண்ட டிரைவுகளில் எஃப்ஏடி32 அதற்குக் குறைவாக அமையாது. சாதாரண டிரைவுக்கு 100 போதும், 260 போட்டால் எதிலும் இடிக்காது. இந்தப் பார்ட்டிஷன் டிஸ்க்கின் முன்னால் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கடைசியாக நிறுத்தி, பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி, எழுப்புங்கள். எழுந்தால் முடிந்தது. எழவில்லையென்றால் பயாஸ் பூட் வரிசையில் புதிய டிரைவின் பெயர் முதலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நவம்பர் 11, மதியம்

மேலே உள்ளது ஜிபிடி டிஸ்க்குக்கு மட்டும். "லிஸ்ட் டிஸ்க்" பட்டியலில் ஜிபிடி நெடுவரிசையில் நட்சத்திரக் குறி இருக்க வேண்டும். புதிய டிரைவிலேயே அது இல்லையென்றால் உங்கள் விண்டோஸ் பழைய முறையில் இன்ஸ்டால் ஆகியிருக்கிறது. அங்கே "எம்பிஆர்2ஜிபிடி" என்ற கருவி உதவும், விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. "எம்பிஆர்2ஜிபிடி /வேலிடேட் /டிஸ்க்:எண் /அலவ்ஃபுல்ஓஎஸ்" என்று சோதித்து, சரியென்றால் வேலிடேட் இருந்த இடத்தில் "கன்வர்ட்" போட்டு மாற்றலாம். டிஸ்க்கில் பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருந்தால் மறுக்கும். மாற்றிய உடனே பயாஸையும் யூஇஎஃப்ஐக்குத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் எழாது.

நவம்பர் 11, மாலை

இன்னொரு திருத்தம், இழையின் நடுவில் ஒருவர் "பழைய டிஸ்க்கையும் கண்டிப்பாக ஜிபிடிக்கு மாற்ற வேண்டும்" என்று எழுதியிருந்ததற்கு. தேவையில்லை. கோப்பு வைக்க மட்டும் பயன்படும் டிஸ்க் எம்பிஆர் ஆகவே இருக்கலாம், யூஇஎஃப்ஐ விண்டோஸ் அதைத் தாராளமாகப் படிக்கும். எம்பிஆரின் எல்லை 2 டிபி. உங்கள் டிஸ்க் 1 டிபி. பூட் ஆக வேண்டிய டிஸ்க்குக்குத்தான் ஜிபிடி கட்டாயம்.

நவம்பர் 12, காலை (லினக்ஸ் பக்கத்திலிருந்து ஒருவர்)

இதே சிக்கல் எங்களுக்கும் உண்டு. உபுண்டுவின் பழைய இன்ஸ்டாலர், பூட்லோடருக்கு நீங்கள் எந்த டிஸ்க்கைக் காட்டினாலும், முதலில் கண்ட இஎஃப்ஐ பார்ட்டிஷனில் கிரப் என்ற அந்தப் பூட்லோடரைப் போட்டுவிடும். ஆகவே இங்கும் பழையதைக் கழற்றுவதே சிறந்த வழி.

பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டியபின் "எல்எஸ்பிஎல்கே -எஃப்" கொடுத்து யூயூஐடியை (பார்ட்டிஷனின் அடையாள எண்) பாருங்கள். எழும்போது எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை எழுத வேண்டாம், அவை டிஸ்க்குகளைக் கண்டறியும் வரிசையைப் பொறுத்து மாறும். யூயூஐடி மாறாது. கோப்பு வைக்கும் டிஸ்க் என்றால் "நோஃபெயில்" (டிஸ்க் இல்லாவிட்டாலும் தொடரச் சொல்வது) சேர்த்தே தீர வேண்டும். அது இல்லாமல் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எழுப்பினால், லினக்ஸை எழுப்பும் சிஸ்டம்டி 90 நொடி காத்திருந்துவிட்டு அவசரநிலைக் கமாண்ட் வரியில் நிறுத்திவிடும். புதிதாக வந்தவர்கள் இதைக் கண்டு முழுக் கணினியும் போய்விட்டதாகப் பயப்படுகிறார்கள்.

பழைய ஹோம் பார்ட்டிஷனை அப்படியே பயன்படுத்துவதானால், இன்ஸ்டாலரில் அதற்கு ஹோம் என்று மவுன்ட் இடம் கொடுத்து, ஃபார்மட் பெட்டியில் டிக் இல்லை என்று உறுதி செய்யுங்கள். அதே பயனர் பெயர். பயனர் எண்ணும் பழையதாகவே அமைய வேண்டும். முதல் பயனருக்குப் பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் 1000. வேறு எண்ணாக இருந்தால் உங்கள் கோப்பே உங்களுக்குத் திறக்காது. டெஸ்க்டாப் சூழலின் பதிப்பு வெகுதூரம் தாண்டியிருந்தால், புள்ளியில் தொடங்கும் பழைய அமைப்பு ஃபோல்டர்களை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு நுழைவது மேல்.

நவம்பர் 12, மதியம்

லினக்ஸ் நண்பர் சொன்னதோடு ஒன்று. பழைய என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு அமைப்பு) டிஸ்க் லினக்ஸில் படிக்க மட்டும் திறந்து, எழுத மறுத்தால், 9-ஆம் தேதி எழுதிய ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். பலவந்தமாக எழுத வைக்காமல், அந்த விண்டோஸை ஒருமுறை எழுப்பி முழுதாக நிறுத்திவிட்டு வாருங்கள்.

நவம்பர் 12, இரவு (கேள்வி)

விண்டோஸ் 11 போட்டாச்சு, தனியா எழுந்துச்சு. பழைய டிஸ்க்கை மாட்டினேன். ஆனா எழுந்தது பழைய விண்டோஸ் 10! அப்புறம் பூட் வரிசையை மாத்தி 11-க்கு வந்தா, பழைய யூசர் ஃபோல்டரைத் திறக்க அனுமதி இல்லைங்குது.

நவம்பர் 12, இரவு

நல்ல செய்தி, சகோ. கடினமான பகுதி முடிந்துவிட்டது. இப்போது இரண்டு டிஸ்க்கிலும் தனித்தனி பூட் மேனேஜர் இருப்பதால் ஃபர்ம்வேர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. நீங்கள் வரிசையை மாற்றியதே சரியான தீர்வு. அவ்வப்போது பழையதை எழுப்ப வேண்டுமானால் பூட் மெனு விசையைப் பயன்படுத்துங்கள். ஒன்றுக்குள் இன்னொன்றைச் சேர்க்க வேண்டாம். தனித்தனியாக இருப்பதால்தான் ஒன்று போனாலும் மற்றது எழும்.

அனுமதி விஷயம்: பயனர் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே விண்டோஸ் பார்ப்பது எஸ்ஐடி என்ற நீண்ட எண்ணை. புதிய இன்ஸ்டாலில் அது வேறு. "தொடர்" பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் திறந்துவிடும், ஃபோல்டர் பெரிதென்றால் சில நிமிடம் ஓடும். அடம்பிடித்தால் அட்மினாக "டேக்ஓன் /எஃப் டி:\யூசர்ஸ்\பெயர் /ஆர் /டி ஒய்" (கடைசி டி, ஆங்கில D), பிறகு "ஐசிஏசிஎல்எஸ் டி:\யூசர்ஸ்\பெயர் /கிராண்ட் உங்கள்பயனர்:எஃப் /டி /சி" (இங்கே கடைசி டி, ஆங்கில T). பயனர் ஃபோல்டரோடு நிறுத்துங்கள். டி டிரைவ் முழுவதற்கும் கொடுத்தால் பழைய விண்டோஸின் அனுமதிகள் கலைந்து, தேவைப்படும் நேரத்தில் அது எழாமல் போகலாம்.

இந்தக் கட்டளைகள் அனுமதியை மட்டுமே மாற்றும். இஎஃப்எஸ் என்ற விண்டோஸ் வசதியால் தனித்தனியாகக் குறியாக்கம் செய்த கோப்புகளுக்குப் பழைய கணக்கின் சான்றிதழ் வேண்டும். அவற்றைப் பழைய விண்டோஸுக்குள் போய்க் குறியாக்கம் நீக்கிவிட்டு வருவதே எளிது. பழையதை உடனே அழிக்காமல் வைத்திருப்பதன் பயன் இங்கே தெரியும்.

நவம்பர் 13, காலை

காப்பி செய்வதற்கு எக்ஸ்புளோரர் வேண்டாம், "ரோபோகாப்பி" பயன்படுத்துங்கள்:

"ரோபோகாப்பி டி:\யூசர்ஸ்\பெயர்\டாக்குமென்ட்ஸ் சி:\யூசர்ஸ்\பெயர்\டாக்குமென்ட்ஸ் /இ /எக்ஸ்ஜே /ஆர்:1 /டபிள்யூ:1"

எக்ஸ்ஜே முக்கியம். யூசர் ஃபோல்டருக்குள் "அப்ளிகேஷன் டேட்டா" போன்ற ஜங்ஷன்கள் (வேறு ஃபோல்டரைச் சுட்டும் இணைப்புகள்) இருக்கின்றன, அவை தம்மைத் தாமே சுற்றிக் காட்டும். தவிர்க்கச் சொல்லாவிட்டால் காப்பி உள்ளுக்குள் உள்ளாகப் போய்க்கொண்டே இருக்கும். ஆர், டபிள்யூ இரண்டும் கொடுக்காவிட்டால், படிக்க முடியாத ஒரு கோப்புக்காக 30 நொடி இடைவெளியில் பத்து லட்சம் முறை முயல்வது அதன் இயல்பு நிலை. "/எம்ஐஆர்" போடாதீர்கள், சேருமிடத்தில் கூடுதலாக இருப்பதை அது அழித்துவிடும்.

நிரல்களைப் பழைய புரோகிராம் ஃபைல்ஸிலிருந்து காப்பி செய்வது பெரும்பாலும் வீண், அவற்றின் பதிவுகள் பழைய விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் இருக்கின்றன. விதிவிலக்கு ஸ்டீம். பழைய டிஸ்க்கில் உள்ள லைப்ரரி ஃபோல்டரை அமைப்புகளில் சேர்த்தால், விளையாட்டுகளை மறுபடி இறக்காமல் கண்டுகொள்ளும். அவுட்லுக்கின் பிஎஸ்டி (அஞ்சல் சேமிப்பு) கோப்பைப் புதிய விண்டோஸில் திறக்கலாம். ஓஎஸ்டி (சர்வரில் உள்ள அஞ்சலின் பிரதி) திறக்காது, கணக்கைச் சேர்த்தால் சர்வரிலிருந்து மறுபடி உருவாகும்.

நவம்பர் 13, மாலை (இன்னொருவரின் கருத்து)

இவ்வளவு எதற்கு? பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் குளோன் செய்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

நவம்பர் 13, மாலை

பழைய விண்டோஸ் நன்றாக இருந்து, நிரல்கள் பல மறுபடி போட முடியாதவை என்றால் குளோன் நல்ல வழிதான். இங்கே கேட்டவருக்கு வேண்டியது புதிய இன்ஸ்டால், அது வேறு வேலை. குளோன் செய்பவர்கள் கவனிக்க: குளோன் முடிந்ததும் முதல் பூட்டில் பழையதைக் கழற்றிவிடுங்கள். இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால், இரண்டும் சேர்ந்து இருந்தால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளும். குளோன்ஸில்லா என்ற குளோன் கருவி, இயல்பான அமைப்பில், சேருமிட டிரைவ் மூலத்தைவிடச் சிறிதாக இருந்தால் மறுக்கும்; தரவு எவ்வளவு குறைவு என்பது கணக்கில்லை.

நவம்பர் 15

கடைசிக் கட்டம், அழிப்பது. இரண்டு நிபந்தனை. புதிய டிரைவ் தனியாக எழ வேண்டும், அது ஆகிவிட்டது. பழைய டிஸ்க்கில் உள்ள முக்கியக் கோப்புகள் வேறொரு சாதனத்திலும் இருந்து, அங்கே சிலவற்றைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். "பேக்கப் பழைய டிஸ்க்கில் இருக்கு" என்று பலர் சொல்வது ஒரே ஒரு பிரதியைத்தான்.

அதன்பின் விண்டோஸ் ஃபோல்டரை மட்டும் அழிக்கப் போராடுவதைவிட முழு டிஸ்க்கையும் துடைப்பது சுத்தம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இஎஃப்ஐ, ரெக்கவரி பார்ட்டிஷன்கள் மீது வலது கிளிக் செய்தால் அழிக்கும் வசதியே வராது. டிஸ்க்பார்ட்டில் "செலக்ட் டிஸ்க்", "கிளீன்", "கன்வர்ட் ஜிபிடி", "கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி", "ஃபார்மட் குயிக் எஃப்எஸ்=என்டிஎஃப்எஸ்", "அசைன்".

"கிளீன்" உறுதி கேட்காது, திரும்பவும் வராது. கொடுப்பதற்கு முன் "டீடெயில் டிஸ்க்" போட்டு டிரைவின் மாடல் பெயரைப் படியுங்கள். உங்கள் இரண்டு டிரைவும் 1 டிபி, அளவை வைத்துப் பிரித்தறிய முடியாது. எண்ணும் பூட்டுக்குப் பூட்டு மாறலாம்; நேற்று குறித்துவைத்த எண்ணை இன்று நம்ப வேண்டாம்.

டிஸ்க்கை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் "கிளீன் ஆல்", ஒவ்வொரு செக்டரிலும் சுழியம் எழுதும், ஹார்ட் டிஸ்க்குக்குப் பல மணி நேரம் ஆகும். எஸ்எஸ்டிக்கு அது பொருத்தமல்ல, தயாரிப்பாளர் கருவியிலோ பயாஸிலோ உள்ள செக்யூர் இரேஸைப் பயன்படுத்துங்கள். நீங்களே வைத்துக்கொள்வதற்கு வெறும் "கிளீன்" போதும்.

நவம்பர் 16, காலை

துடைப்பதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய வரிசையில் இது வரும்: பழைய டிஸ்க் இன்னும் உழைக்கத் தகுந்ததா என்று பார்ப்பது. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளின் ரா மதிப்பைப் பாருங்கள். 05 மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், சி5 சந்தேகத்தில் நிற்பவை, சி6 படிக்கவே முடியாதவை. அந்த மதிப்புகள் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்களாகத் தெரியும், அமைப்பில் வழக்கமான பத்தடிமான எண்ணுக்கு மாற்றிக்கொண்டால் குழப்பம் இல்லை. மூன்றும் சுழியம் என்றால் தைரியமாகப் பயன்படுத்தலாம். சி5, சி6 ஏறிக்கொண்டிருந்தால் அந்த டிஸ்க்கில் இருப்பதை முதலில் வெளியே எடுங்கள், துடைத்துப் பயன்படுத்தும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

நவம்பர் 16, மாலை (கேள்வி)

05, சி5, சி6 மூணும் சுழியம். சி7 மட்டும் 212. கோப்பு எல்லாத்தையும் வெளி டிரைவுக்கு எடுத்தாச்சு. துடைக்கலாமா?

நவம்பர் 16, இரவு

துடைக்கலாம். சி7 டிஸ்க்கின் உள்ளே நடந்த பிழை அல்ல, டிஸ்க்குக்கும் போர்ட்டுக்கும் நடுவே தரவு சிதைந்த எண்ணிக்கை. பெரும்பாலும் சாட்டா கேபிள். எப்படியும் கேபிளைக் கழற்றி மாட்டியிருக்கிறீர்கள், வேறு கேபிள் போட்டுவிடுங்கள். 212 இனிமேல் குறையாது, அது வாழ்நாள் எண்ணிக்கை. பெரிய கோப்புகள் சிலவற்றைக் காப்பி செய்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். அதே 212-இல் நின்றால் பிரச்சினை தீர்ந்தது, ஏறினால் போர்ட்டை மாற்றிப் பாருங்கள், எம்.2-வோடு பாதையைப் பங்கிடாத ஒன்றுக்கு.